மருமகள் மறந்த தையல்

கண் தெரியாத என் மகனுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற பெண்ணைக் கட்டி வைத்தேன் என்றால் யாருக்கும் சிரிப்பு வரும். எதிர்வீட்டுக்காரி வாய்விட்டே சிரித்தாள். "ஏங்க, புருஷனே வாடிக்கையா வர மாட்டாரே, அந்தப் பொண்ணு பொழப்பு எப்படி நடக்கும்?" என்று கேட்டாள். "நாள் முழுக்கக் கண்ணாடி கண்ணாடின்னு பேசிட்டு வர்றவளுக்கு வீட்டுலயாவது வேற பேச்சு வேண்டாமா?" என்றேன். வாயை மூடிக்கொண்டாள்.

கட்டி வைத்தேன் என்பதும் முழு உண்மை இல்லை. அவர்களே பேசி முடித்துக்கொண்டார்கள். நான் கொஞ்ச நாள் முரண்டு பிடித்துவிட்டுப் பிறகு சரி என்றேன். முரண்டு பிடிக்காமல் எதற்கும் சரி என்று சொல்லி எனக்குப் பழக்கம் இல்லை.

நான் சொல்லச் சொல்ல இதைத் தட்டிக்கொண்டிருப்பவன் அந்த மகன்தான். எனக்குப் பார்க்கத் தெரியும், எழுத்து தெரியாது. அவனுக்கு எழுத்து தெரியும், பார்க்க முடியாது. இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழு ஆள். "அம்மா, அவளைப் பத்தித்தானே சொல்லணும்? என்னை எதுக்கு இழுக்கறே?" என்கிறான். அதையும் சேர்த்து எழுதுடா.

என் மருமகளின் வேலை கடையின் முன்பக்கம் இல்லை, பின்னால் இருக்கிற சின்னப் பட்டறையில். அங்கே ஒரு இயந்திரம் தண்ணீர் தெளித்துத் தெளித்துக் கண்ணாடிச் சில்லின் ஓரத்தைத் தேய்க்கும். தேய்த்ததை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்து, ஃபிரேமில் பொருத்திக் கொடுப்பாள். நாள் முழுக்கத் தண்ணீரில் கை இருப்பதால் அவள் விரல் நுனி எப்போதும் குளித்துவிட்டு வந்த குழந்தையின் விரல் மாதிரி சுருங்கியே இருக்கும். படித்தது கம்ப்யூட்டர். முதலில் ஒரு பெரிய ஆபீஸில் அந்த வேலையைத்தான் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள். ஏன் விட்டாய் என்று வந்த புதிதில் கேட்டேன்.

"அங்க காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் மூளையை வாடகைக்கு விட்டுட்டேன்னா, இதுக்கு ஒண்ணும் மிஞ்சாது அத்தை. கண்ணாடி தேய்க்கிறதுக்குக் கையும் கண்ணும் போதும். மூளை அப்படியே முழுசா வீட்டுக்கு வந்துடும்."

அவள் 'இது' என்று சொன்னது ஒரு புரோகிராமை. கம்ப்யூட்டரில் இருக்கும் எழுத்தை வாய்விட்டுப் படித்துச் சொல்லும். பார்வை இல்லாதவர்களுக்கு அதுதான் கண். எந்த நாட்டிலோ யாரோ ஒருவர் ஆரம்பித்தது. அவருக்குக் கல்யாணமோ அலுப்போ, ஏதோ ஒன்று வர, நடுவில் விட்டுவிட்டுப் போய்விட்டார். கல்லூரியில் படிக்கும்போதே இவள் அதை எடுத்து வளர்க்க ஆரம்பித்துவிட்டாள். காசு கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், தெரிந்தவர்கள் திருத்தியும் கொடுக்கலாம். இவளோடு சேர்ந்து இன்னும் சிலர் வேலை செய்கிறார்கள், அவர்கள் ஒருவர் முகத்தையும் இவள் பார்த்தது இல்லை. "கூலியில்லாத வேலைக்கு முகம் தெரியாத கூட்டாளியா?" என்று கேட்டேன். "முகம் தெரியாததாலதான் அத்தை சண்டை வராம ஓடுது" என்றாள்.

என் மகனும் அப்படி முகம் தெரியாமல் கடிதம் போட்டவன்தான். ஏதோ புகார் எழுதியிருக்கிறான், இவள் பதில் எழுதியிருக்கிறாள், அவன் அந்தப் பதிலின் மேல் ஒரு புகார் எழுதியிருக்கிறான். காதல் கடிதம் எழுதத் தெரியாதவன், புகார்க் கடிதம் எழுதியே பெண்டாட்டியைப் பிடித்துவிட்டான்.

அந்தப் புரோகிராமுக்கு நான் வைத்த பெயர் கிளிப்பிள்ளை. ஆனால் என் மகனுடைய கிளிப்பிள்ளை பேசுவதைக் கேட்டால் பேச்சு என்றே தோன்றாது. தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரி ஒரே சடசடப்பு. அவ்வளவு வேகம். முதல் முறை கேட்டபோது இயந்திரம் கெட்டுவிட்டது என்று நினைத்து மின்சாரத்தை நிறுத்தப் போனேன். அவன் அந்த மழைக்குள் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லையும் பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்தான். "கண்ணிருக்கறவங்க ஒரு பக்கத்தை ஒரு பார்வையில மேயறாங்கம்மா. நான் அவங்களோட ஓட வேண்டாமா?" என்றான்.

ஓடத்தான் வேண்டியிருந்தது. ஒரு பஸ் கம்பெனியின் புகார்ப் பிரிவில் அவனுக்கு வேலை. பஸ் நிற்கவில்லை, சில்லறை தரவில்லை, டிரைவர் முறைத்தார் என்று வரும் கடிதங்களைப் படித்துப் பதில் எழுத வேண்டும். தற்காலிகமாக எடுத்திருந்தார்கள். எத்தனை கடிதத்துக்குப் பதில் போகிறது என்று பார்த்து, அந்த மாதக் கடைசியில் சிலரை நிரந்தரம் ஆக்குவார்கள், மற்றவர்களை அனுப்பிவிடுவார்கள். அங்கே பார்வை இல்லாதவன் அவன் ஒருவன்தான். அதற்காக அவனுக்கு யாரும் கடிதத்தைக் குறைத்துக் கொடுக்கவில்லை, அவனும் கேட்கவில்லை. அதற்கு முன் ஏறி இறங்கிய இடங்களிலெல்லாம் "யோசிச்சுச் சொல்றோம்" என்றே அனுப்பியிருந்தார்கள். ஆகவே இந்த வேலை எங்களுக்கு எவ்வளவு பெரிது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த மாதம்தான் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

மருமகள் ஒரு நாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தேன்.

"என்னடி ஆச்சு?"

"புரோகிராம்ல ஓட்டைன்னு எழுதியிருக்காங்க அத்தை. நாங்க எழுதினதுல இல்ல. உள்ள வச்சிருக்கற ஒரு லைப்ரரில."

"புத்தகமா?"

"புத்தகம் இல்ல." என் மடியில் கிடந்த மகனின் கால்சட்டையை எடுத்தாள். "நீங்க துணிக் கம்பெனில ஜிப் வைக்கிற வேலை பார்த்தீங்கல்ல? அந்த ஜிப்பை நீங்களா செஞ்சீங்க?"

"நாங்க எங்க செஞ்சோம்? அதுக்குன்னு தனிக் கம்பெனி இருக்கு. பெட்டி பெட்டியா வரும், வச்சுத் தைப்போம்."

"இதுவும் அப்படித்தான். எல்லாத்தையும் நாமே எழுத முடியாது. வேற ஒருத்தர் எழுதி வச்சதை எடுத்து நம்மளோட சேர்த்துத் தைச்சுடுவோம். அவர் அப்பப்போ புது ஜிப் விடுவார். நாங்க பாருங்க, ஒரு தடவை தைச்சோம், அதோட சரி. ஓடுற வரைக்கும் யாரும் திரும்பிப் பாக்கல. இப்பப் பாத்தா உள்ள இருக்கற அத்தனையும் அரதப் பழசு."

அப்படி எத்தனையோ ஜிப்புகள் உள்ளே இருந்திருக்கின்றன. அதில் ஒன்று, குரலை வேகப்படுத்துகிற ஜிப். சும்மா வேகப்படுத்தினால் குரல் எலி கத்துகிற மாதிரி ஆகிவிடுமாம். அப்படி ஆகாமல், ஆள் குரலாகவே வைத்து இழுத்துச் சுருக்குவது அதன் வேலை. ஓட்டை அதில்தான். யாராவது கெட்ட எண்ணம் பிடித்தவன் ஒரு பாட்டையோ பேச்சையோ வேண்டுமென்றே கோணலாகச் செய்து அனுப்பினால், அதைத் திறந்த மாத்திரத்தில் அவன் உங்கள் கம்ப்யூட்டருக்குள் வந்து உட்கார்ந்துவிடலாம். இலவசப் புரோகிராம்களை ஊருக்கெல்லாம் எடுத்துக் கொடுக்கிற ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்கள், இதையெல்லாம் புதுசாக மாற்று, இல்லாவிட்டால் உன்னுடையதை எங்கள் அலமாரியிலிருந்து எடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். முன்பின் தெரியாதவர்களும் வந்து திட்டினார்கள். காசு கொடுத்து வாங்கினவன் கூட அப்படித் திட்ட மாட்டான்.

பட்டறையிலிருந்து வந்தால் நேரே மேசைக்குப் போவாள். ஒரு பழசை எடுப்பாள், புதுசை வைப்பாள், வேறெங்காவது பிய்த்துக்கொள்ளும், அதைச் சரி செய்வாள். குரல் ஜிப்பைக் கடைசியாக மாற்றினாள். புதுப் புரோகிராமை வெளியே விட்டாள். அலமாரிக்காரர்கள் நன்றி எழுதினார்கள். அன்றைக்கு நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, "அத்தை, ஒரு வாய் டீ" என்று கேட்டாள். அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்ட முதல் டீ அது. கேட்காமலே எல்லாம் செய்துகொள்கிற ஜாதி.

என் மகனும் அதே ஜாதிதான் என்பது சில நாள் கழித்துத் தெரிந்தது.

சனிக்கிழமை மத்தியானம். அவனுக்கு விடுமுறை, அவள் கடைக்குப் போயிருந்தாள். அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே கிளிப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தது. நான் கூடத்தைப் பெருக்கிக்கொண்டே போனவள் அப்படியே நின்றுவிட்டேன். 'ஐயா, நேற்று மாலை உங்கள் பேருந்தில் என் குடையை விட்டுவிட்டேன். கறுப்புக் குடை. கைப்பிடி உடைந்திருக்கும்.'

எனக்குப் புரிந்தது! இத்தனை வருஷத்தில் அந்தச் சடசடப்பில் ஒரு சொல் எனக்குப் பிடிபட்டதில்லை. இப்போது குடைக்கு என்ன நிறம் என்பது வரைக்கும் புரிகிறது. ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று அப்போதே தெரிந்துகொண்டேன். துடைப்பத்தோடு உள்ளே போனேன்.

"என்னடா, உன் கிளிப்பிள்ளைக்கு வயசாயிடுச்சா? தள்ளாடித் தள்ளாடிப் பேசுது?"

அவன் பேச்சை நிறுத்தினான். "மெதுவாத்தான் பேசுதும்மா. புதுசு வந்ததுலேர்ந்து இதுக்கு மேல ஏற மாட்டேங்குது."

"அதான் லீவு நாள்ல ஆபீஸ் கடிதத்தை வீட்டுக்கு இழுத்துட்டு வந்தியா?"

"ஆபீஸ்ல முடிக்க முடியல. சேர்ந்துபோச்சு."

"அவகிட்ட சொன்னியா?"

பதில் இல்லை.

"வாயில என்ன கொழுக்கட்டையா?"

"அவளே இப்பத்தாம்மா மூச்சு விடறா. உலகத்துல இருக்கறவன் எல்லாம் ஆளுக்கு ஒரு கல்லு எறிஞ்சுட்டான். நானும் ஒண்ணு எறியணுமா? புதுசுல இப்படித்தான் போலிருக்கு, பழகிக்கறேன். நீ அவகிட்ட சொல்லாதே. சத்தியம் பண்ணு."

"நான் பண்ண மாட்டேன். வேணும்னா நீ பண்ணிக்கோ" என்று சொல்லிவிட்டு மிச்சத்தைப் பெருக்கப் போனேன்.

அவள் வந்து ஒரு செருப்பைக் கழற்றியிருப்பாள், இன்னொரு செருப்பு காலிலேயே இருந்தது. சொல்லிவிட்டேன். இதற்காக என் மகன் அன்று ராத்திரி முழுக்க என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. போகட்டும், நான் செய்தது சரிதான், இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்லுவேன்.

அவள் ஒற்றைச் செருப்போடு அறைக்குள் போனாள். அவன் கம்ப்யூட்டரில் வேகத்தை ஏற்றிப் பார்த்தாள், அது ஒரு இடத்தோடு முட்டிக்கொண்டு நின்றது. திரும்ப ஏற்றினாள், திரும்ப நின்றது.

"புதுசு விட்ட அன்னிலேர்ந்தா?"

"அவ்வளவு ஒண்ணும் கஷ்டமில்ல" என்றான்.

"முகம் தெரியாத ஆளுங்களுக்கெல்லாம் உக்காந்து உக்காந்து பதில் எழுதறேன். எவனோ ஒருத்தன் பட்டன் கலர் பிடிக்கலன்னு எழுதறான், அவனுக்கும் எழுதறேன். என் வீட்டுக்காரருக்கு ஒரு புகார் எழுத வரலையா?" என்றாள். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் பரவாயில்லை. "நீங்க சொல்லலன்னா எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு உங்க காது இருக்கா?"

ஊருக்கெல்லாம் விளக்குப் பிடித்தவள் காலடியில் இருட்டு என்பது அவளுக்கு அப்போது உறைத்திருக்க வேண்டும். அதோடு, இதே புகாரை வேறு சிலரும் எழுதியிருந்தார்களாம். சட்டம் படிக்கிற ஒரு பெண், ஒரு பள்ளிக்கூட வாத்தியார் என்று. வேகத்தைத் தப்பாக வைத்திருப்பீர்கள், பாருங்கள் என்று இவள் பதில் போட்டிருக்கிறாள். அதை நினைத்து நினைத்து உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மறுநாள் ஞாயிறு. காலையிலேயே பழைய ஜிப்பை எடுத்து வைத்துக்கொண்டு, அது முதலில் வெளியே எப்படி வந்ததோ அந்த அசலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வரிக்கு வரி ஒப்பிட்டாள். இரண்டும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். இல்லை.

"அத்தை, இங்க வாங்களேன்!" என்று கத்தினாள். நான் போய்ப் பார்த்து என்ன புரியப் போகிறது? இருந்தாலும் போனேன், கூப்பிட்ட மரியாதைக்கு. "எவனோ ஒரு மடையன் நேரா ஜிப்புக்குள்ளயே கை வச்சிருக்கான். அது ஒரு வேகத்துக்கு மேல போகாம இருக்கணும்னு ஜிப் செஞ்சவர் ஒரு தடுப்பு போட்டிருக்கார். இவன் அதைப் பிடுங்கிட்டு, கீழ நாலு இடத்துல அரத்தால ராவின மாதிரி ராவி, குரல் கரகரக்காம பண்ணியிருக்கான். கைக்காரன்தான். ஆனா ஒரு குறிப்பு இல்ல, ஒரு அடையாளம் இல்ல. அடுத்தவன் ஜிப்பை இப்படித் திருத்தினா, மாத்தறப்போ போயிடுமேன்னு ஒரு அறிவு வேண்டாம்? இவனையெல்லாம்..."

"யாருன்னு தெரியுமா?" என்று என் மகன் கேட்டான்.

"தெரியும். எந்த வரியை யார் மாத்தினாங்கன்னு அதுவே காட்டும். இருங்க, இன்னிக்கு அவனை நான்..."

தட்டினாள். பார்த்தாள்.

"என்னடி, யாரு அந்த மடையன்?"

"மடையன் இல்ல அத்தை" என்றாள். "மடச்சி."

சிரிக்கிறாள் என்று நினைத்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவளேதான் செய்திருக்கிறாள். கல்லூரியில் படிக்கும்போது, ஒரே மூச்சில் உட்கார்ந்து. என்ன மாற்றினேன் என்று எழுத வேண்டிய இடத்தில் 'சின்னத் திருத்தம்' என்று மட்டும் எழுதிவிட்டுப் போயிருக்கிறாள். என்றைக்குச் செய்தாள் என்பதையும் பார்த்தாள். என் மகனுடைய முதல் புகார் வந்த வாரம்.

"என்னடா எழுதினே அதுல?" என்று அவனைக் கேட்டேன்.

அவன் காது சிவந்துவிட்டது. அவளே சொன்னாள், மனப்பாடமாக. "'மேடம், உங்கள் புரோகிராம் மிகவும் நிதானமானது. நான் அப்படிப்பட்டவன் இல்லை.' படிச்சதும் கோவம் வந்துச்சு அத்தை. யாருடா இவன், இருடா உனக்குக் காட்டறேன்னு உக்காந்தேன். காட்டிட்டு மறந்தே போயிட்டேன்."

"நான் புதுசு வந்ததால தானா வேகமாச்சுன்னு நினைச்சேன்" என்றான் அவன்.

நான்தான் காரியத்துக்கு வந்தேன். "சரி, போட்ட தையலைப் பிரிச்சிட்டே. திரும்ப அதே இடத்துல போடு."

"அந்த இடமே இப்ப இல்ல அத்தை. புது ஜிப்ல உள்ள எல்லாத்தையும் புரட்டிப் போட்டுட்டாங்க. முதல்லேர்ந்து யோசிக்கணும்."

"அதுவரைக்கும் பழசையே இவனுக்கு மட்டும் மாட்டிக் கொடு. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே. அந்த ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஊர்ல இருக்கறவங்க வீட்டு விலாசம், போன் நம்பர் எல்லாம் கிடக்கு. ஓட்டைன்னு தெரிஞ்சே என் புருஷனுக்கு மாட்டி விடச் சொல்றீங்களா?"

"மாசக் கடைசில வேலை போச்சுன்னா?"

"வேண்டாம்மா" என்று அவன் சொன்னான். "பழசு வேண்டாம்."

இரண்டு பேரும் ஒரு பக்கம் சேர்ந்துகொண்டார்கள். எனக்குக் கோபம்தான். அன்றைக்குச் சாப்பிடும்போது யாரோடும் பேசவில்லை. ஒருவரும் கவனிக்கவில்லை என்பது இன்னும் கோபம். இருவரும் ஒரே ஹெட்போனின் ஒரு பக்கத்தை இவன் காதிலும் மறுபக்கத்தை அவள் காதிலும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு சாயங்காலம் என்றால் எங்கள் வீட்டில் அதே காட்சிதான். அவள் ஏதோ மாற்றுவாள், கிளிப்பிள்ளை ஒரு பத்தி படிக்கும், அவன் தீர்ப்புச் சொல்லுவான். அவளுக்கு அந்த வேகத்தில் எல்லாம் ஒரே இரைச்சல்தான். எது நல்ல இரைச்சல், எது கெட்ட இரைச்சல் என்று அவன் சொன்னால்தான் உண்டு.

"இப்ப?"

"சகரம் எல்லாம் கரைஞ்சு ஓடுது."

"இப்ப?"

"தண்ணிக்குள்ள முங்கிக்கிட்டுப் பேசற மாதிரி இருக்கு."

"இப்பவாவது?"

"இப்ப எங்க மேலாளர் மாதிரி இருக்கு. பேசறார்னு தெரியுது, என்ன பேசறார்னுதான் தெரியல."

"ஐயோ!" என்று தலையில் கை வைத்துக்கொள்வாள். ஆனால் முகத்தைப் பார்த்தால் அப்படி ஒரு சந்தோஷம். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவன் இவளிடம் இது சரியில்லை, அது வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. எதைக் கொடுத்தாலும் நல்லா இருக்கு, நல்லா இருக்கு. இப்போது வாய் திறந்தால் குறை. "இன்னும் சொல்லுங்க, இன்னும் சொல்லுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். ஒரு நாள் குறை சொல்லுகிற வேகத்தில், "அப்புறம் இந்த நாற்காலியும் ஆடுது, ஒரு வருஷமா சொல்லலாம்னு இருந்தேன்" என்றான். அவள் சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனாள். நான்தான் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தேன்.

ஒரு விடியற்காலை குளித்துவிட்டு வருகிறேன், கூடத்தில் மழை கொட்டுகிற சத்தம். அவன் நேராக உட்கார்ந்திருக்கிறான், அவள் நகத்தைக் கடித்துக்கொண்டு அவன் முகத்தையே பார்க்கிறாள். கிளிப்பிள்ளை கொட்டித் தீர்த்தது. நானும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஒரு வார்த்தை கூடப் புரியவில்லை. அப்பாடா என்று இருந்தது.

"குறை?" என்றாள்.

அவன் உட்கார்ந்தபடியே ஒரு தடவை ஆடிப் பார்த்தான். "நாற்காலி" என்றான்.

இந்தத் தடவை அவள் தையலை ஜிப்புக்குள் ஒளித்து வைக்கவில்லை. தனியாக எடுத்து வைத்தாள். பக்கத்தில், இது எதற்கு, யாருக்கு, எடுத்தால் என்ன ஆகும் என்று நீளமாக எழுதினாள். சட்டம் படிக்கிற பெண்ணுக்கும் வாத்தியாருக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதினாள். ஜிப் செய்கிற ஆளுக்கும், இதை நீங்களே உங்களுடையதில் சேர்த்துக்கொண்டால் எல்லாருக்கும் நல்லது என்று அனுப்பினாள். அவர் ஒற்றை வரியில் கேட்டார், இந்த வேகத்தில் யார் கேட்கப் போகிறார்கள் என்று. இவள் விளக்கமாக எழுதினாள். அதற்குப் பதில் இல்லை. அவரும் சோற்றுக்கு வேறு வேலை பார்த்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் இதைச் செய்கிறவராம். அவர் இதைச் சேர்த்துக்கொள்ளும் வரைக்கும், ஒவ்வொரு முறை புது ஜிப் விடும்போதும் இவள் தன் தையலைத் திரும்பப் போட வேண்டும்.

"அந்த ஆளுக்கு நான் ஒரு கடுதாசி சொல்றேன், எழுதி அனுப்பு" என்றேன்.

"வேண்டாம் அத்தை. அப்புறம் அவர் ஜிப் செய்யறதையே விட்டுடுவார்."

குரல் வந்துவிட்டது, நாள் போய்விட்டதே. மாதக் கடைசிக்குக் கொஞ்சம்தான் மிச்சம். நடுவில் தேங்கிய கடிதங்களால் என் மகன் மற்றவர்களுக்குப் பின்னால் கிடந்தான். எவ்வளவு ஓடினாலும் எட்ட முடியாது என்று அவனுக்கே தெரியும்.

"மேலாளர்கிட்ட நடந்ததைச் சொல்லுங்க" என்றாள் மருமகள்.

"சாக்குச் சொல்ற மாதிரி இருக்கும்."

"நாள் முழுக்க அடுத்தவங்க புகாரைப் படிக்கறீங்க. ஒருத்தரையாவது சாக்குச் சொல்றார்னு நினைச்சிருக்கீங்களா?"

மறுநாள் சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டு போனான். மேலாளர் முதலில், "நடுவுல என்ன ஆச்சு உங்களுக்கு, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாராம். "தொண்டை கட்டிக்கிச்சு சார்" என்றானாம். "இப்ப நல்லாத்தானே பேசறீங்க?" "என் தொண்டை இல்ல சார்" என்று சொல்லிவிட்டு, கம்ப்யூட்டரில் முதலில் மெதுவாக ஓடிய குரலைக் காட்டி, பிறகு வேகக் குரலைக் காட்டியிருக்கிறான். "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் சொன்னாராம். எடுத்துக்கொண்டாரா, தள்ளிவிட்டாரா, தெரியாது. அவன் முகம் வாசிக்க முடியாதவன், குரலை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து எங்களிடம் நூறு தடவை நடித்துக் காட்டினான். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி கேட்டது.

மாதக் கடைசி அன்று நான் நடையிலேயே உட்கார்ந்திருந்தேன். அவன் வரும் நேரம் ஆயிற்று, போயிற்று. எதிர்வீட்டுக்காரி இரண்டு தடவை எட்டிப் பார்த்தாள். அவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, எங்கேயோ பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருக்கிறான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

இரண்டு பேருமாகச் சேர்ந்து வந்தார்கள். அவள் பட்டறையில் போடுகிற மேலங்கியைக் கூடக் கழற்றவில்லை. அவன் ஆபீஸிலிருந்து நேரே கடைக்குப் போயிருக்கிறான். கடைப்பையன் ஆள் தெரியாமல், "வாங்க சார், பவர் செக் பண்ணலாமா?" என்று கேட்டு, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டானாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டே படியேறினார்கள்.

"சிரிப்பு கிடக்கட்டும். என்ன ஆச்சு?"

"நிரந்தரம் அத்தை" என்றாள். "குரல் கெட்டிருந்த நாளை எல்லாம் தள்ளிட்டு, மிச்ச நாளை வச்சுப் பார்த்தாங்களாம்."

"இது எப்பத் தெரியும்?"

"மத்தியானமே."

"நல்லா இருக்குடா. கண்ணாடிக் கடை முதலாளிக்குத் தெரியும், கடைப்பையனுக்குத் தெரியும், கண்ணு பரிசோதிக்க வந்தவனுக்கும் தெரிஞ்சிருக்கும். பெத்தவளுக்குக் கடைசியா?"

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கிக் குளிர்ந்திருந்தது. என் கோபம் நிற்க இடம் இல்லாமல் போயிற்று.

"இவனுக்குச் சரி. உன் வேலை எப்போடி நிரந்தரம் ஆகும்?" என்று கேட்டேன். கண்ணாடி வேலையைக் கேட்கவில்லை என்று அவளுக்கும் தெரியும்.

"என்னோடது எப்பவும் தற்காலிகம்தான் அத்தை. இன்னிக்குப் புதுசா வச்சது நாளைக்குப் பழசாயிடும். இப்பவே ஒண்ணு பழசாயிட்டதா காலைல எழுதியிருக்காங்க."

மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மேசைக்குப் போனாள். அவன் சுவரைத் தடவிக்கொண்டு போய், உள்ளேயிருந்து ஆடாத நாற்காலி ஒன்றை இழுத்து வந்து, அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான்.